மதுரை தாண்டிய பிறகுதான் கவனம் வேண்டும்: குமரிக்கு வரும் படைவீரர் நல சைக்கிள் பயணங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் 7, படைவீரர் கொடிநாள். அந்த நாளையொட்டியும், அடுத்து ஜனவரி 14-ல் வரும் முன்னாள் படைவீரர் தினத்தையொட்டியும் (தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி பீல்டு மார்ஷல் கரியப்பா 1953-ல் ஓய்வுபெற்ற நாள் அது) வடக்கிலிருந்து கிளம்பும் நிதி திரட்டும் சைக்கிள் பயணங்கள் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாகக் கன்னியாகுமரிக்கு வந்து முடிகின்றன. காஷ்மீரில் மிதிக்கத் தொடங்கியவர்கள் ஓசூருக்குள் நுழையும்போதே 3,000 கி.மீ.க்கு மேல் தாண்டியிருப்பார்கள். சில அணிகளில் செயற்கைக் கால் பொருத்தியவர்களும், இடுப்புக்குக் கீழே அசைவற்றுக் கையால் சுற்றும் சைக்கிளில் வருபவர்களும், பார்வை இழந்து இருவர் சைக்கிளில் பின்னால் அமர்ந்து மிதிப்பவர்களும் உண்டு.

மதுரைக்கும் குமரிக்கும் இடையே 243 கி.மீ. இனி என்ன, வந்தாச்சு என்று எல்லோருக்கும் மனசு தளரும் தூரம் இது. தொப்பூர் இறக்கத்துக்குப் பயந்து பிரேக்கை மூன்று முறை சோதிப்பவர்கள், கயத்தாறு சமவெளிக்குப் பயப்படுவதில்லை. ஆனால் உடம்பும் வண்டியும் ஒரு மாதத் தேய்மானத்தைக் காட்டுவது இங்கேதான். ஊருக்கு ஊர் வரவேற்பு கூடுவதும் இங்கேதான். சாலையோர ஊர்க்காரர்கள், வரவேற்புக் குழுவினர், வழியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்குகள், பயண ஏற்பாட்டாளர்கள் எல்லோரும் படிக்கும் பத்திரிகை என்பதால் தங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் பட்டாசு. விருதுநகர், சாத்தூர் வட்டாரத்தில் யாரை வரவேற்பதானாலும் சரவெடி கொளுத்துவது வழக்கம். அன்போடுதான் செய்கிறோம். ஆனால் வருபவர்களில் கண்ணிவெடியிலோ குண்டுவீச்சிலோ காயம்பட்டவர்கள் இருக்கலாம். எதிர்பாராமல் காதருகே வெடிக்கும் சத்தம் அவர்கள் உடம்பை ஒரு நொடியில் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடும். மூச்சு திணறும், கை நடுங்கும், அன்று இரவு தூக்கம் போகும். அந்தப் பாதிப்பு இல்லாதவருக்கும் ஆபத்துதான். வரிசையில் ஒரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இருக்காது. முன்னால் போகிறவர் சத்தத்துக்குத் திடுக்கிட்டுப் பிரேக் பிடித்தால் பின்னால் வரும் நாலைந்து பேர் விழுவார்கள். கொட்டு மேளம் வைக்கலாம். அதையும் அவர்கள் வண்டியை விட்டு இறங்கிய பிறகு தொடங்குங்கள்.

அடுத்து பொன்னாடையும் மாலையும். ஓடும் சைக்கிளை மறித்துப் போர்த்தும் பொன்னாடை தோளிலிருந்து நழுவினால் பின்சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் இடையேதான் போய்ச் சிக்கும். கையால் சுற்றும் சைக்கிளில் இன்னும் மோசம்: செயினும் பல்சக்கரமும் மார்புக்கு நேர் எதிரே சுழல்கின்றன. கழுத்தில் தொங்கும் துணியும் மாலையும் நேரே அதற்குள் இழுபடும். மாலையின் வாழைநார் பின்சக்கரப் பல்லடுக்குக்குள் சுற்றிக்கொண்டால் அதை எடுக்கச் சக்கரத்தையே கழற்ற வேண்டியிருக்கும். சாலையில் தூவும் பூ, மழை ஈரத்தோடு சேர்ந்தால் வாழைப்பழத் தோல் மாதிரிதான். மரியாதை செய்தே ஆகவேண்டும் என்றால், தங்கும் மண்டபத்தில், குளித்துச் சாப்பிட்ட பிறகு செய்யுங்கள்.

ஒரு கணக்கும் சொல்கிறோம். பொன்னாடை ஒன்று 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பேர், 10 இடம் என்றால் 30,000 ரூபாய். அந்தப் பயணமே நிதி திரட்டத்தான். அந்தத் தொகையைக் கொடிநாள் நிதிக்குக் கொடுத்து, ரசீதை அணித்தலைவர் கையில் கொடுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே வாங்கிக்கொள்வார்கள். அந்த நிதி போரில் ஊனமுற்றவர்களின் மறுவாழ்வுக்கும், படைவீரர் குடும்பங்களுக்கும், ஓய்வூதியம் இல்லாத வயதான முன்னாள் வீரர்களின் உதவிக்கும் போகிறது. புனே அருகே கிர்க்கியிலும் பஞ்சாப் மொகாலியிலும் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்கான மறுவாழ்வு மையங்கள் உள்ளன. அவற்றுக்கும் இதிலிருந்து மானியம் உண்டு. நன்கொடைக்கு 80ஜி வரிவிலக்கு இருக்கிறது, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த விலக்கு கிடைக்காது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். சைக்கிளில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையில் பணம் போடும்போது திரையில் வரும் கணக்குப் பெயரைப் படித்துவிட்டுப் போடுங்கள். தனிநபர் பெயர் வந்தால் அணித்தலைவரிடம் விவரம் கேட்பதில் தவறில்லை. ஒழுங்காக நடத்துகிறவர்கள் அதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

நிறுத்தும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். மேம்பாலம் ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் நான்குவழிச் சாலையின் ஓரப்பட்டை சட்டென்று குறுகிவிடுகிறது. சைக்கிள்காரருக்கு அங்கே ஒதுங்க வழியே கிடையாது. சர்வீஸ் ரோடு பிரியும் முனையில் பேருந்துகள் ஒடித்துத் திரும்பும். இந்த இரண்டு இடத்திலும் பந்தல் போடக் கூடாது. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி சுங்கச்சாவடிகளில் இடது கோடி வழியில் இருசக்கர வாகனங்கள் மொத்தமாக நெருக்கும். சாவடியிலும் கூட்டம் கூட்டாதீர்கள். சாவடி தாண்டி அரை கிலோமீட்டர் தள்ளி, பெட்ரோல் பங்க் போல உள்ளே இழுத்த இடம் இருந்தால் அதுதான் சரி. சர்வீஸ் ரோட்டில் உளுந்தும் சோளமும் காயப்போடும் காலம் இது. காயப்போடுகிறவர்கள் மீது எங்களுக்கு வருத்தமில்லை, களம் இல்லாதவர்கள் வேறெங்கே போவார்கள்? ஆனால் குவியலைச் சுற்றி அடுக்கும் கற்களைச் சாயங்காலம் எடுத்துவிடுங்கள். இருட்டில் ஒரு கல் போதும்.

இனி வண்டி. வழியோரக் கடைகளில் உள்ள மெக்கானிக் தம்பிகளும் ஏற்பாட்டாளர்களும் இந்தப் பகுதியை வெட்டி வைத்துக்கொண்டால் நல்லது.

மதுரையில் ஓய்வு நாள் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். டிஸ்க் பிரேக் என்றால் பேடில் உராயும் பகுதி 1 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிட வேண்டும், இன்னும் 243 கி.மீ.தானே என்று விடக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த மண் டிஸ்க்கில் ஒட்டி அரைக்கும்போது, வறண்ட சாலையில் மாதக்கணக்கில் வரும் பேட் இரண்டே நாளில் இரும்பைத் தொட்டுவிடும். புதுப் பேட் போட்டவுடன் பிடிப்பு பாதிதான் இருக்கும். ஆளில்லாத சாலையில் மணிக்கு 20, 25 கி.மீ. வேகத்திலிருந்து நடக்கும் வேகத்துக்கு 15 முறையாவது மெல்ல இறக்கினால்தான் பேட் டிஸ்க்கோடு படியும். இதைச் செய்யாமல் அனுப்பிவிட்டால் முதல் அவசரப் பிரேக்கில் வண்டி நிற்காது. ரிம் பிரேக் என்றால் கட்டையில் குத்தியிருக்கும் அலுமினியத் துகள்களை ஊசியால் கிளறி எடுங்கள். கரகர சத்தத்துக்கும் ரிம் தேய்வதற்கும் அதுதான் காரணம். இருவர் சைக்கிளில் எடை இரட்டிப்பு, ஆகவே தேய்மானமும் அப்படியே. அதற்கு மாற்றுப் பேட் இரண்டு ஜோடி கையில் வேண்டும்.

செயின் விஷயத்தில் நேர் எதிர். 3,000 கி.மீ. ஓடிய செயின் நீண்டிருக்கும். அளக்க ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும்: ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வரவேண்டும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் அரை சதவீதம் நீண்டிருக்கிறது, 1/8 அங்குலம் என்றால் ஒரு சதவீதம். பயணத்தின் நடுவில் அரை சதவீதத்திலேயே மாற்றச் சொல்வோம். ஆனால் மதுரையில், செயின் பல் தாவாமல் ஓடுகிறது என்றால், தொடாதீர்கள். பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்த பல்லடுக்கின் மேல் புதுச் செயின் உட்காராது. மிதியை அழுத்தும்போது தாவும், எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் தாவினால் ஆள் ஹேண்டில்பார் மேல் விழுவார். மாற்றுவதாக இருந்தால் செயினும் பல்லடுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லையென்றால் நன்றாகத் துடைத்து எண்ணெய் விட்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே மிதிக்கச் சொல்லி அனுப்புங்கள். மழை நாளில் எண்ணெய் இரண்டு மணி நேரத்தில் கழுவிப்போகும், அதனால் சிறு புட்டி சட்டைப்பையில் இருக்கட்டும். எண்ணெய் விட்டபின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கரிசல் மண் ஒட்டி அரைமாவு மாதிரி ஆகிவிடும்.

பஞ்சர் இந்தப் பாதையில் இரண்டு வகை. ஒன்று சீமைக் கருவேல முள். விருதுநகரிலிருந்து கயத்தாறு வரை சாலையின் இரு பக்கமும் அதுதான். சைக்கிளைச் சாய்க்க ஓரத்தில் இறக்கினாலே ஏறிவிடும். முள்ளைப் பிடுங்கினாலும் நுனி டயருக்குள் ஒடிந்து நிற்கும், புது டியூபையும் பத்து நிமிடத்தில் குத்தும். விரலால் தடவித் தேடினால் விரல்தான் கிழியும். பஞ்சையோ பழைய நைலான் துணியையோ டயரின் உட்புறம் ஒரு சுற்று இழுத்தால் நுனி இருக்கும் இடத்தில் சிக்கும். மற்றொன்று வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய எஃகுக் கம்பி. ஓரப்பட்டை முழுக்கக் கிடக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, காற்றும் மெதுவாகத்தான் இறங்கும். இதற்குக் கூரிய சாமணம் வேண்டும், குறடு பிடிக்காது. பஞ்சரை அடைக்க டியூபில்லா டயரில் ஊற்றும் பால்திரவம் காஷ்மீரில் ஊற்றியது என்றால் இந்நேரம் காய்ந்து தோலாகியிருக்கும். மதுரையில் சக்கரத்துக்கு 30 முதல் 60 மி.லி. புதிதாக விட்டால்தான் அது வேலை செய்யும்.

டியூப் வால்வுதான் கடைக்காரர்களைத் திணற வைக்கிறது. பந்தய சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு நம் கடைப் பம்பு பொருந்தாது. ஒரு சிறு பித்தளை மாற்றியை வாங்கித் தொங்கவிட்டால் போதும். நெடுஞ்சாலைக் கடையின் மோட்டார் கம்ப்ரசரில் அடிக்கும்போது ஒரே மூச்சில் அழுத்தினால் மெல்லிய டயர் ரிம்மை விட்டுக் கழன்று டியூப் வெடிக்கும். ஒரு நொடி, ஒரு நொடியாக விட்டு விட்டு அடிக்க வேண்டும். 28 மி.மீ. டயருக்கு, 70 கிலோ ஆளுக்கு 75 முதல் 85 பிஎஸ்ஐ போதும். காலை 25 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்த டயர், வெயிலில் 55 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் 9 பிஎஸ்ஐ அளவுக்குக் கூடும். ஆகவே கல்லு மாதிரி இருக்கட்டும் என்று மேல் அளவுக்கே நிரப்பி அனுப்பக் கூடாது. டயர் தேய்ந்ததென்று முன்னும் பின்னும் மாற்றிப் போடுவதையும் தவிர்க்க வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் முடியாது. நல்ல டயர் எப்போதும் முன்னால்தான்.

சக்கரக் கம்பி (ஸ்போக்) ஒடிந்தால், பெரும்பாலும் பின்சக்கரத்தின் வலப்பக்கம், பல்லடுக்குப் பக்கத்தில், வளைந்த கழுத்தில்தான் ஒடியும். பல்லடுக்கைக் கழற்றும் கருவி இல்லாவிட்டால் ஒடிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு முறுக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் அதற்கு நேரான இரண்டு கம்பிகளை அரைச் சுற்று தளர்த்தினால் கோட்டம் குறையும். ரிம் பிரேக் என்றால் அதைச் சற்றுத் திறந்துவிட வேண்டும். திருநெல்வேலி வரை மெல்லப் போய்ச் சேரலாம். இரண்டாவது கம்பியும் ஒடிந்தால் அந்தச் சைக்கிளை வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

காற்றைப் பற்றி ஏற்பாட்டாளர்களுக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று இடது முதுகுப்பக்கம் தள்ளும். வேகம் தானாகவே கூடும், அணி நெருங்கி ஓடும். முதுகுக்காற்றில் போகும்போது உடம்பில் காற்றே படாது. வேர்வை காயாது, சூடு உள்ளேயே தங்கும். களைப்பு தெரியாமலே நீர் வற்றும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வருபவர்களுக்குக் கதை வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் மேல்காற்று, பணகுடி, காவல்கிணறு பக்கம் வலப்புறமிருந்து அறையும். அதற்குத்தானே அங்கே அத்தனை காற்றாலைகள். காற்றைத் தாங்க வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுபவரை ஒரு லாரி முந்தும்போது, லாரியின் உடல் காற்றை மறைக்கும். சாய்வு அப்படியே இருக்க, தாங்கிய காற்று இல்லாமல் போவதால், அவர் லாரிப் பக்கமே இழுபடுவார். இரண்டு கையும் ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில் இருக்க வேண்டும், ஒற்றை வரிசை, ஆளுக்கு ஆள் மூன்று சைக்கிள் நீளம். தண்ணீர் குடிப்பது நின்ற பிறகுதான்.

எட்டு முதல் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குக் குழு 200 மீட்டர் விடுங்கள். 30 பேர் ஒரே கொத்தாக வந்தால் முந்தும் பேருந்துக்கு நடுவில் ஒதுங்க இடமில்லாமல் இடப்பக்கம் வெட்டும். துணை வண்டி பின்னால் விளக்கு மினுக்கி வரவேண்டும். முன்னால் போய்ப் படம் எடுக்கும் வண்டியால் பயன் எதுவுமில்லை, அதன் திடீர் பிரேக்கால் ஆபத்து உண்டு. கையால் சுற்றும் சைக்கிள் தரையோடு தரையாக ஓடுவதால் லாரி ஓட்டுநர் கண்ணில் படாது. தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் குறையாத வளையும் கம்பில் சிவப்புக் கொடி, பின்னால் இரண்டு விளக்கு, பகலிலும்.

உடம்பு. ஒரு மாதம் ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்ததில் உள்ளங்கை நரம்பு நசுங்கி சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சோதனை எளிது: விரல்களுக்கு இடையே ஒரு தாளை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்துவிட்டால் பிரேக் பிடிக்கும் வலுவும் குறைந்திருக்கிறது என்று பொருள். ஹேண்டில்பாரை ஒன்றிரண்டு செ.மீ. உயர்த்தி, பிரேக் நெம்புகோலை விரலுக்கு அருகே கொண்டுவர வேண்டும். இந்த நிலையில் ஒருவரை வரிசையின் நடுவில் விடக் கூடாது.

செயற்கைக் கால் போட்டவருக்குப் பகலில் வெட்டியபின் மிஞ்சிய காலின் பருமன் மாறிக்கொண்டே இருக்கும். உறைக்குள் வேர்வை தேங்கினால் தோல் ஊறி உரியும். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கழற்றித் துடைத்து, தேவைப்பட்டால் காலுறையின் அடுக்கைக் கூட்டியோ குறைத்தோ போட வேண்டும். அதற்கு நிழலும், உட்கார ஒரு நாற்காலியும், நாலு பேர் சுற்றி நின்று பார்க்காத ஒதுக்குப்புறமும் தேவை. வரவேற்புக் குழு தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை அதுதான்.

முதுகுத்தண்டில் மார்புக்கு மேலே அடிபட்டவர்களுக்கு அதற்குக் கீழே வேர்வையே வராது. நமக்கு இதமாக இருக்கும் 30 டிகிரியிலும் அவர்களுக்கு உடல் கொதிக்கும். கழுத்திலும் கையிலும் ஈரத்துணி, தண்ணீர் தெளிப்பான் வேண்டும். அவர்களில் ஒருவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலி, முகம் சிவந்து நெற்றி வியர்த்தல் என்று வந்தால், மயக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது. நிமிர்ந்து உட்கார வைத்து, இடுப்புப் பட்டை, கால் பட்டை எல்லாவற்றையும் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரணம் அதுதான். சில நிமிடத்தில் தணியாவிட்டால் 108. நெடுஞ்சாலையில் விபத்து, பழுது எதற்கும் 1033.

சாப்பாடு, தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீராகவே லிட்டர் லிட்டராகக் குடிக்க வைத்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றலும் வாந்தியும் வரும். பார்ப்பவர்கள் அதையும் நீர்க்குறைவு என்று எண்ணி மேலும் தண்ணீர் கொடுப்பார்கள். ஓஆர்எஸ் பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், ஒரு டம்ளரில் அல்ல. இளநீர் நல்லதுதான், ஆனால் வேர்வையில் போகும் உப்பை அது ஈடுகட்டாது. உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஈடுகட்டும். வாழைப்பழமும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் இந்தப் பயணத்துக்கென்றே செய்தது மாதிரி: சட்டைப்பையில் கசியாது, ஒரு கையால் தின்னலாம். பரோட்டா சால்னாவும் நெய் வழியும் அல்வாவும் மாலையில், அன்றைய தூரம் முடிந்த பிறகு.

மண்டபம் கொடுப்பவர்கள் வாசல்படியைப் பாருங்கள். 15 செ.மீ. உயரப் படிக்குச் சாய்பலகை 1.8 மீட்டர் நீளம் இருக்க வேண்டும், அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதைவிடக் குட்டையாக வைத்தால் சக்கர நாற்காலி பின்னால் கவிழும். கழிவறைக் கதவு 90 செ.மீ. அகலம் இல்லையென்றால் முன்பே சொல்லிவிடுங்கள், அவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்வார்கள். முதல் மாடியில் படுக்கை போட்டுவிட்டு, தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்வது யாருக்கும் உதவியல்ல.

கடைசி நாளை எப்படி வைப்பது என்பதில்தான் ஏற்பாட்டாளர்கள் அதிகம் தவறுகிறார்கள். கோவில்பட்டியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஒரே வீச்சில் குமரியை எட்டிவிடலாம் என்று திட்டமிட்டு, வழியில் வரவேற்புகளில் இரண்டு மணி நேரம் போய், இருட்டில் காவல்கிணறு தாண்டி வருகிறார்கள். டிசம்பரில் குமரியில் சூரியன் மாலை 6 மணிக்கே மறைந்துவிடும். முந்தின இரவு வள்ளியூரில் தங்கினால் மிச்சம் 50 கி.மீ.க்கும் குறைவு. காலை 6.20-க்கு மேல்தான் சூரியன் உதிக்கும். வெளிச்சம் வந்த பிறகு 6.45-க்குக் கிளம்பி, மெதுவான ஆளின் வேகத்தில் வந்தாலும் 10 மணிக்குக் கடற்கரை. காவல்கிணற்றில் நாகர்கோவில் சாலை வலப்புறம் பிரியும். அதில் இழுபடாமல் நேரே அஞ்சுகிராமம் வழி வரவேண்டும். சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் குமரியில் போய்ச் சேர நினைக்காதீர்கள். சபரிமலை சீசனில் ஐயப்ப பக்தர்களின் பேருந்துகள் அந்த நேரங்களில் காந்தி மண்டபம் வரை நெருக்கியடித்து நிற்கும். நடுக்காலையில்தான் சாலை சற்று மூச்சுவிடும். மழை எச்சரிக்கை இருந்தால் ஒரு நாள் தள்ளிவையுங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் எப்படித் துண்டிக்கப்பட்டன என்பதை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. விழா மேடைக்கு வரும் முக்கியப் பிரமுகரின் நேரத்துக்காக மழைக்குள் ஓட்டச் சொல்வது கூடவே கூடாது.

முடித்ததும் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கடலில் நனைப்பது பலருக்கு ஆசை. தாராளமாக நனைக்கட்டும். ஆனால் உப்புநீரும் மணலும் சக்கர அச்சுக்குள் போனால் ஊர் போய்ச் சேர்வதற்குள் பேரிங் துருப்பிடிக்கும். கையால் சுற்றும் சைக்கிளின் தாழ்ந்த பேரிங்குகளுக்கு இன்னும் சீக்கிரம். பக்கத்திலேயே இரண்டு வாளி நல்ல தண்ணீர் வைத்து உடனே ஊற்றிக் கழுவிவிட வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையின் பீச்சு குழாய் வேண்டாம், அது உப்பை இன்னும் உள்ளே தள்ளிவிடும். ரயில் பார்சலுக்குக் கட்டும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை நினைவில் வையுங்கள். வலப்பக்கம் போலத் திருகினால் மரை போய்விடும்.

அன்று இரவே பேருந்தில் ஏற்றி அனுப்புவதையும் தவிர்க்கலாம். ஒரு மாதம் நாள்தோறும் ஆறு மணி நேரம் மிதித்த கால், 14 மணி நேரம் மடக்கி வைத்தால் வீங்கும், ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். கால் அசையாதவர்களுக்கு மற்றவர்கள் காலை நீட்டி மடக்கிவிட வேண்டும். மனசும் அப்படித்தான். தினமும் காலையில் எழுந்து போக ஓர் இடம், கூட ஓட்டப் பத்துப் பேர் என்று இருந்தவர் மறுநாள் தனியே ஒரு அறையில் விழிக்கிறார். போர்க்கள நினைவுகளோடு வாழ்பவர்களுக்கு அந்த முதல் இரண்டு வாரம் கனமானது. யார் யாருக்கு எந்த நாளில் தொலைபேசியில் பேசுவது என்று குமரியிலேயே பெயர் எழுதிப் பிரித்துக்கொண்டு போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் தமிழிலும் இந்தியிலும் இரவு பகலாக, கட்டணமில்லாமல் பேசலாம். அந்த எண்ணை ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பதிவு செய்துவிட்டு, பிறகு பார்சல் மூட்டையைக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
நெடுந்தூர சைக்கிள் பயணங்களுக்கு வழித்துணை செய்யும் மெக்கானிக்குகள், ஓட்டுநர்கள்,
பாளையங்கோட்டை.